பள்ளிக்கூட ஷட்டில்: நீங்கள் கேட்டவை

ஏழாவது படிக்கிற பொண்ணு சர்வீஸ் போட்டா 'இடுப்புக்கு மேல'ன்னு ஃபால்ட் குடுத்தர்றாங்க. இடுப்புன்னா எதுவரைக்குங்க? (ஓர் அம்மா, கோபி)

இடுப்புக் கணக்கு பழையது. 2018இல் சர்வதேசப் போட்டிகளுக்கு வந்த அளவு தரையிலிருந்து 1.15 மீட்டர். அடிபடும் நொடியில் ஷட்டில் முழுவதும் அதற்குக் கீழே இருந்தால் போதும். 1.45 மீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு அது ஏறக்குறைய அக்குள் மட்டம். இடுப்புக்குக் குனிய வைப்பது அவளுக்கு நஷ்டம். நெட் கம்பம் 1.55 மீட்டர் என்பதால், உச்சியிலிருந்து 40 செ.மீ. கீழே ஒரு டேப் ஒட்டிவிடுங்கள், சண்டை நின்றுவிடும். சில இடங்களில் இன்னும் இடுப்பை வைத்தே பார்க்கிறார்கள்; ஆட்டத்துக்கு முன்பே நடுவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

உயரத்தை விட அதிகம் மாட்டுவது கால். ஷட்டிலை அடித்து முடிக்கும்வரை இரண்டு பாதமும் நகராமல் தரையில் இருக்க வேண்டும், கோட்டை மிதிக்கக் கூடாது. பின்னங்காலை இழுத்துக்கொண்டே அடிக்கிற பழக்கத்தை இந்த வயதிலேயே திருத்துங்கள்.

டபுள்ஸில் யார் சர்வீஸ், யார் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு பாயின்ட்டுக்கும் தகராறு. (ஒன்பதாம் வகுப்பு மாணவர், தாராபுரம்)

ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: சர்வீஸ் போட்ட அணி பாயின்ட் எடுத்தால்தான் அந்த அணி இடம் மாறும். வேறு யாரும், எப்போதும் மாறுவதில்லை.

கவினும் சந்தோஷும் ஒரு பக்கம், பரணியும் தருணும் எதிர்ப்பக்கம். 0-0இல் வலப்பக்கம் நிற்கும் கவின், குறுக்கே எதிர்வலத்தில் நிற்கும் பரணிக்குப் போடுகிறான். பாயின்ட் கவின் அணிக்கு, 1-0. கவின் இடப்பக்கத்துக்கு மாறி, இப்போது தருணுக்குப் போடுகிறான். இந்த முறை பரணி அணி ஜெயிக்கிறது, 1-1. யாரும் நகர வேண்டாம். சர்வீஸ் இப்போது கைக்கு வந்த பரணி அணியின் புள்ளி ஒற்றைப்படை. ஆகவே இடப்பக்கம் நிற்கும் தருண், எதிரணியின் இடப்பக்கத்தில் நிற்கும் கவினுக்குப் போடுவான். அதிலும் கவின் அணி ஜெயித்தால் 2-1. இரட்டைப்படை, வலப்பக்கம், அங்கே நிற்பது சந்தோஷ், போடுவதும் அவனே. கவின் போட்டுத் தோற்ற சர்வீஸ் திரும்பி வரும்போது கவினிடமே வர வேண்டும் என்று நினைப்பதில்தான் பாதித் தகராறு.

சர்வீஸ் நெட்டில் உரசி விழுந்தால் மறுபடி போடணுமா? 20-20 ஆனால்?

சரியான கட்டத்தில் விழுந்தால் ஆட்டம் தொடரும். டென்னிஸ் மாதிரி மறுசர்வீஸ் கிடையாது. 20-20க்குப் பிறகு இரண்டு பாயின்ட் முன்னிலை வேண்டும். 29-29 வரை போனால் 30ஆவதை எடுப்பவருக்கே கேம். கோட்டில் விழுந்தது உள்ளே.

ஆனி, ஆடியில காத்து அடிச்சா ஷட்டில் எங்கியோ போயிருதுங்க. உள்ளரங்கம் கட்ட வசதியில்லை. (உடற்கல்வி ஆசிரியர், பல்லடம்)

பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்று அது. வகுப்பறைக் கட்டடத்துக்குக் கிழக்கே, நீளவாக்கு தெற்கு வடக்காகக் கோர்ட்டைப் போடுங்கள். கட்டடம் காற்றை மறிக்கும், சாயங்காலம் நிழலும் தரும், வெயிலும் நேராகக் கண்ணில் விழாது. சுவருக்கும் ஓரக்கோட்டுக்கும் நடுவே 2 மீட்டராவது விடுங்கள். ஷட்டிலைத் துரத்தும் பிள்ளை சுவரைப் பார்க்காது. பயிற்சியைக் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுவது நல்லது.

வெளியில் இறகு ஷட்டில் காசுக்குக் கேடு, நைலானே போதும். அதில் பட்டையின் நிறம் வேகத்தைச் சொல்லும்: பச்சை மெதுவு, நீலம் நடுத்தரம், சிவப்பு வேகம். சித்திரை வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால் ஷட்டில் அதிக தூரம் போகும். அப்போது பச்சை வாங்குங்கள். சோதிக்க, காற்றில்லாத நேரத்தில் பின்கோட்டில் நின்று கீழிருந்து மேலாக முழு வீச்சில் அடியுங்கள். எதிர்ப்பின்கோட்டுக்கு 53 முதல் 99 செ.மீ. முன்னால் விழுந்தால் சரியான வேகம்.

வட்டாரப் போட்டிப் படிவத்தில் இறகுப்பந்து, பூப்பந்து என்று இரண்டும் இருக்கிறது. இரண்டும் ஒன்றா? (ஒரு அப்பா, பெருந்துறை)

இல்லைங்க. பூப்பந்து என்பது மஞ்சள் கம்பளிப் பந்தில் அணிக்கு ஐந்து பேர், 24க்கு 12 மீட்டர் களத்தில் ஆடுவது. ஷட்டில் ஆடும் பிள்ளையின் பெயரை 'இறகுப்பந்து' என்ற இடத்தில் எழுதுங்கள். ஷட்டில் ராக்கெட்டால் பூப்பந்தை அடிக்க விடாதீர்கள். ஷட்டில் 5 கிராம் சொச்சம், அந்தப் பந்து 27 கிராமுக்கு மேல். நரம்பு அறும், சட்டமும் விரிசல் விடும்.