அண்ணாச்சி பதில்கள்: பரணில் கிடக்கும் ரிக்கார்டும் கேசட்டும்

கேள்வி: அண்ணாச்சி, என் மாமனார் முதலில் மைக்செட் கடையும் அப்புறம் சிடி வாடகைக் கடையும் வைத்திருந்தவர். அவர் காலமான பிறகு ரிக்கார்டு, கேசட், விசிடி, டிவிடி எல்லாம் பெட்டி பெட்டியாகப் பரணில் கிடக்கின்றன. பழைய பேப்பர்காரர் கிலோ கணக்கில் கேட்கிறார். ஆன்லைனில் விற்றால் வீட்டுச் செலவுக்கு ஏதாவது தேறுமா?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

தேறும் தங்கச்சி, ஆனால் எல்லாம் தேறாது. கிலோவுக்குப் போடும் முன்னால் ஒரு தடவை உட்கார்ந்து பிரித்துவிடுங்கள்.

சினிமா விசிடியில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 2007 வாக்கில் மோசர் பேர் கம்பெனி விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் இறக்கியதில் வீட்டுக்கு வீடு குவிந்துவிட்டது, அதே படம் இப்போது போனிலேயே ஓடுகிறது. ஒரு படத்துக்கு இரண்டு மூன்று விசிடி இருக்கும், ஒன்று குறைந்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள். பத்துப் பதினைந்து படங்களைச் சேர்த்து மொத்தமாகக் கொடுத்துவிடுவதுதான் லாபம்.

காசு ரிக்கார்டில் இருக்கிறது. அதைவிட, நம்ம பக்கத்துக் கேசட்டில் இருக்கிறது. கோயில் கொடைத் திருவிழாக்களில் பாடின சுடலைமாடன் கதை, முத்தாரம்மன் கதை வில்லுப்பாட்டுக் கேசட்டுகளில் எத்தனையோ இன்னும் இணையத்தில் ஏறவே இல்லை. 1964-ல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் நாகஸ்வர ரிக்கார்டு ஏதாவது அகப்பட்டால் அவசரப்பட்டு முதலில் கேட்டவருக்குக் கொடுக்காதீர்கள், தேடுகிற ஆள் எங்கெங்கோ இருக்கிறார். ரிக்கார்டு வாங்கி விற்கிற டிஸ்காக்ஸ் (Discogs) இணையதளத்தில், லேபிளில் உள்ள நம்பரைப் போட்டால் அதே ரிக்கார்டு இதற்கு முன் என்ன விலைக்குப் போயிருக்கிறது என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். சொல்கிற விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள்.

துடைக்கும்போது கவனம். கனமாக, கீழே விழுந்தால் உடைகிற பழைய 78 ரிக்கார்டு (நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றுவது) அரக்கில் செய்தது. ஆல்கஹால் கலந்த கிளீனர் பட்டால் அரக்கு கரையும், ரிக்கார்டு பாழ். டிவிடியை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடைக்க வேண்டும், வட்டமாகத் தேய்க்கக் கூடாது.

படம் எடுக்கும்போது ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, கீறல் தெரிகிற மாதிரியே எடுத்துப் போடுங்கள். ஓட்டிப் பார்த்திருந்தால் அதையும், பார்க்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள், ஏனென்றால் இந்த வியாபாரம் முழுக்க நம்பிக்கையில் ஓடுவது, உங்களிடம் வாங்கி ஏமாறாதவர்தான் நாலு பேரைக் கூட்டி வருவார். எல்.பி. (பெரிய வினைல் ரிக்கார்டு) அனுப்பினால் ரிக்கார்டை அதன் அட்டை உறைக்கு வெளியே எடுத்து, உள்ளுறையோடு அந்த அட்டை உறையின் பின்னால் வைத்து, இரண்டு பக்கமும் கெட்டி அட்டை கொடுத்துக் கட்டுங்கள். உள்ளேயே விட்டால் பார்சல் குலுங்குகிற குலுங்கலில் ரிக்கார்டின் ஓரம் அட்டை உறையைக் கிழித்துவிடும், உறை கிழிந்தால் பாதி விலை போச்சு. வெயிலில் மட்டும் வைத்துவிடாதீர்கள், சித்திரை வெயிலுக்கு எல்.பி. வளைந்துவிடும்.

இன்னொன்று, இதை அழுத்திச் சொல்கிறேன். "பணம் போடுகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் பண்ணி பின் நம்பர் அடிங்க" என்று யாராவது சொன்னால் உடனே போனை வைத்துவிடுங்கள். நமக்குப் பணம் வர 'பின்' (PIN) நம்பர் தேவையே இல்லை, அது உங்கள் கணக்கிலிருந்து பணம் போவதற்குத்தான்.

பரண் காலியானால் வருமானமும் நின்றுவிடும், அதனால் பிடித்துப்போனால் பழைய மைக்செட்காரர்கள் வீட்டிலும் விசாரித்து வையுங்கள்.

கேள்வி: விசிடிகளை பென் டிரைவில் ஏற்றி விற்றால் நல்ல காசு வருமே?
- ஒரு வாசகர், பாளையங்கோட்டை

வேண்டாம் தம்பி. நீங்கள் வாங்கின ஒரிஜினல் டிஸ்க்கைக் கைமாற்றி விடுவது வேறு, நகல் எடுத்து விற்பது வேறு. 1957-ம் வருடத்துக் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 63-ம் பிரிவில் அதற்கு 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வாங்கி விற்கிற டிஸ்க்கையும் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கம் ஊதாவோ பச்சையோ அடித்தால் பெரும்பாலும் யாரோ கம்ப்யூட்டரில் பதிவு செய்த நகல், அதைத் தனியாக ஒதுக்கி வைத்துவிடுங்கள்.