உப்புவெளியில் கடை எடுப்பதா, வீட்டுக் குசினியிலேயே தொடங்குவதா?

கேள்வி: நான் திருகோணமலை அலஸ்தோட்டத்தில் இருக்கிறேன், வயது 38. கணவர் கட்டாரில் வேலை முடிந்து ஊரோடு வந்துவிட்டார். கையில் 10 இலட்சம் ரூபா இருக்கிறது. நன்றாகச் சமைப்பேன். உறவுக்காரரின் விசேஷங்களுக்கு நூறு பேருக்குக்கூடச் சமைத்திருக்கிறேன். உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் ஒரு சின்னக் கடை வாடகைக்கு வருகிறது. மாதம் 35,000 ரூபா, ஒரு வருட வாடகையை முற்பணமாகக் கேட்கிறார்கள். திருத்த வேலைக்கு 3 இலட்சம் போகும். மதியச் சாப்பாட்டுப் பார்சல் விற்க நினைக்கிறோம். பணம் குறைந்தால் 2 இலட்சம் கடன் தர ஒரு நிதி நிறுவனம் தயாராக இருக்கிறது. மாதம் 2 வீத வட்டி, 24 மாதத்தில் கட்ட வேண்டும். கடையை எடுக்கலாமா? என்னென்ன பதிவு வேண்டும்?

பதில்: சகோதரி, தொழிலைத் தொடங்குங்கள், ஆனால் அந்தக் கடையை இப்போது எடுக்க வேண்டாம்.

முற்பணம் 4 இலட்சத்து 20 ஆயிரம், திருத்த வேலை 3 இலட்சம். முதல் பார்சல் விற்கும் முன்பே 7 இலட்சத்து 20 ஆயிரம் போய்விடுகிறது. மிச்சம் 2 இலட்சத்து 80 ஆயிரம். அதில்தான் அடுப்பு, பாத்திரம், குளிர்சாதனப் பெட்டி, சாமான், வீட்டுச் செலவு, பிள்ளைகளின் படிப்பு எல்லாம். எங்கள் ஊரில் சாப்பாட்டுக் கடைகள் மூடப்படுவதற்குப் பெரும்பாலும் சமையல் காரணமாக இருப்பதில்லை. ஆட்கள் பழக்கப்பட்டு வருவதற்குள் கையில் இருந்த காசு தீர்ந்துவிடுகிறது.

உப்புவெளிக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. அங்கே வெளிநாட்டுக்காரரும் கொழும்பு, கண்டிப் பக்கத்து ஆட்களும் நிறைந்திருப்பது ஏறக்குறைய மே தொடங்கி செப்டம்பர் வரைதான். வாடைக்காற்றோடு மழையும் இறங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும், புறாமலைத் தீவுக்குப் படகு போகாது, விடுதிகள் பாதி காலியாகும். வாடகை மட்டும் 12 மாதமும் ஓடும். அதுவும் நல்ல வருடத்துக் கணக்கு. 2019 ஏப்ரல் குண்டுவெடிப்பு, 2020இல் கொரோனா, 2022இல் பெற்றோல் வரிசை என்று நான்கு வருடத்துக்குள் மூன்று தடவை இந்தக் கரை வெறிச்சோடியதைக் கண்ணால் பார்த்திருக்கிறோம். சுற்றுலாப் பயணியை மட்டும் நம்பி இருந்தவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் முதல் அடி விழுந்தது.

சரி, 12 மாதமும் சாப்பிடுகிறவர்கள் யார்? திருகோணமலை கிழக்கு மாகாணத்தின் தலைநகரம். மாகாண சபை அலுவலகங்கள், கச்சேரி என்கிற மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், வங்கிகள், ஆஸ்பத்திரி, பாடசாலைகள் எல்லாம் பக்கத்தில் இருக்கின்றன. சீனக்குடாப் பக்கம் போனால் பிறிமா மா ஆலை, கோணேசபுரியில் பல்கலைக்கழக வளாகம். மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து வந்து வாடகை அறையில் தங்கி வேலை செய்கிற உத்தியோகத்தர்கள் ஏராளம். அவர்களுக்கு வீட்டுச் சுவையில், நேரத்துக்கு, நம்பிக்கையான ஒரு மதியச் சாப்பாடு வேண்டும். உங்களுடைய முதல் வாடிக்கையாளர் அவர்கள்தான். அவர்களைப் பிடிக்கக் கடற்கரையில் கடை தேவையில்லை. சுத்தமான குசினியும், ஒரு மோட்டார் சைக்கிளும், வட்ஸ்அப்பில் முதல்நாள் இரவே ஓடர் எடுக்கும் பழக்கமும் போதும். சைக்கிளைக் கணவரிடம் விட்டுவிடுங்கள்.

இனிக் கணக்கு. கீழே உள்ள எண்கள் ஒரு பேச்சுக்குத்தான், சந்தை விலையைப் பார்த்து உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பார்சலை 400 ரூபாவுக்கு விற்கிறீர்கள் என்று வைப்போம். அரிசி, மீன், மரக்கறி, தேங்காய், எண்ணெய், காஸ், பெட்டி எல்லாம் சேர்த்து 280 முடிகிறது. மிஞ்சுவது 120. இந்த 120இலிருந்துதான் மாதாந்த நிலையான செலவுகளைக் கட்ட வேண்டும்.

கடை எடுத்தால் வாடகை 35,000, மின்சாரமும் தண்ணீரும் 13,000, உதவிக்கு ஒருவர் 46,000, உங்களுடைய சம்பளம் 50,000. மொத்தம் 144,000. அதை 120ஆல் பிரித்தால் மாதம் 1,200 பார்சல். அரச அலுவலகங்களை நம்புகிறபோது மாதத்துக்கு 26 நாள் என்று கணக்குப் போடாதீர்கள். சனி, ஞாயிறு, மாதந்தோறும் வரும் போயா என்கிற பௌர்ணமி விடுமுறை, பண்டிகை விடுமுறைகள் போனால் 20 நாள்தான் கையில் நிற்கும். அதாவது நாளுக்கு 60 பார்சல் விற்றால்தான் நட்டம் இல்லை. வீட்டிலிருந்து செய்தால் அரைநாள் உதவியாளர் 23,000, பெற்றோல் 9,000, கூடுதல் மின்சாரம், தொலைபேசி 5,000, உங்கள் சம்பளம் 50,000. மொத்தம் 87,000. மாதம் 725 பார்சல், நாளுக்கு 37. நூறு பேருக்குச் சமைத்த கைக்கு 37 முடியாத காரியம் இல்லை.

உங்கள் சம்பளத்தைச் செலவில் ஏன் எழுதினேன் என்று கேட்கலாம். எங்கள் பெண்கள் விடியக்காலை 4 மணிக்கு எழும்பி மதியம் வரை அடுப்படியில் நின்று உழைப்பதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. அப்படிப் பார்த்தால் நட்டத்தில் ஓடுகிற தொழிலும் இலாபமாகத் தெரியும். தயவுசெய்து எழுதுங்கள். உதவியாளரின் 23,000இல் அவர் சம்பளம் 20,000. மீதி 3,000, ஊழியர் சேமலாப நிதிக்கு நீங்கள் கட்டும் 12 வீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்கான 3 வீதமும். ஒருவரை வேலைக்கு வைத்தாலும் இது கட்டாயம்.

மீன் விலைதான் இந்தக் கணக்கை முதலில் குழப்பும். வாடையில் படகுகள் கடலுக்குப் போகாத நாட்களில் விலை ஏறினால் பார்சலின் அடக்கம் 280இலிருந்து 310 ஆகும். மிஞ்சுவது 90. உடனே நாளுக்கு 37 என்றது 49 ஆகிவிடுகிறது. வெறும் 30 ரூபா செய்கிற வேலை அது! ஆகவே அந்த மாதங்களுக்கு முட்டை, கருவாடு, சோயா, பருப்பு என்று வேறு பட்டியல் ஒன்றை இப்போதே எழுதி வையுங்கள். வெள்ளிக்கிழமை எங்கள் ஆட்களில் பலர் மரக்கறிதான். நவராத்திரி, கந்தசஷ்டி, திருவெம்பாவை நாட்களிலும் அப்படியே. மரக்கறிப் பார்சலை அக்கறையாகச் செய்தால் அந்த நாட்களில் செலவும் குறையும். கிண்ணியா, மூதூரிலிருந்து வந்து வேலை செய்யும் முஸ்லிம் சகோதரர்களும் வாங்க வேண்டுமென்றால் கோழியை ஹலால் கடையில் மட்டும் வாங்குங்கள், அதைக் கேட்காமலே அவர்களிடம் சொல்லுங்கள்.

கடன் கொப்பி விஷயத்தில் உறுதியாக இருங்கள். அலுவலகத்தில் “சம்பளத்துக்குத் தாறம்” என்று அன்பாகத்தான் கேட்பார்கள். நாளுக்கு 40 பார்சலை மாதக் கடனுக்குக் கொடுத்தால் 40, 280, 20 பெருக்கிப் பாருங்கள், 224,000 ரூபா. சம்பள நாள் வரும்வரை உங்கள் காசில் அவ்வளவும் வெளியே நிற்கும். வெள்ளிக்கிழமை தோறும் கணக்குத் தீர்த்தால் அதே வியாபாரத்துக்கு 56,000 போதும். அலுவலகத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக வைத்து, வாரக் கணக்கு என்று முதல்நாளே சொல்லிவிடுங்கள். இடையில் மாற்றுவது கஷ்டம், முகம் கோணும்.

பதிவுகளுக்கு வருவோம். முதலில் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள். பலர் அவரைக் கண்டு பயப்படுகிறார்கள். நான் தலைகீழாகச் சொல்வேன், சுவருக்கு வர்ணம் பூசும் முன்பே அவரை அழைத்துக் காட்டுங்கள். கழிவுநீர் எங்கே போகிறது, கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் எவ்வளவு தூரம், ஈ வராமல் வலை இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துச் சொல்வார். பிறகு உடைத்துக் கட்டும் செலவு மிச்சம். சமைக்கிறவர்களுக்கு மருத்துவச் சான்றும் எடுங்கள்.

அடுத்து பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தல், அடையாள அட்டை, இடத்தின் உறுதி அல்லது வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றோடு போங்கள். உங்கள் சொந்த முழுப் பெயரில் அல்லாமல் வேறொரு பெயரில் நடத்தினால் பதிவு அவசியம். அந்தப் பெயரில் வங்கிக் கணக்குத் திறக்கவும் அந்தச் சான்றிதழ் வேண்டும். ஆனால் பெயர்ப் பதிவு என்பது உணவு விற்கும் அனுமதி இல்லை. இந்த இரண்டையும் பலர் ஒன்றாக நினைத்துவிடுகிறார்கள். வியாபார அனுமதிப்பத்திரம் உங்கள் வீடு எந்த உள்ளூராட்சி சபைக்குள் வருகிறதோ அங்கே எடுக்க வேண்டும், வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் வரி இலக்கமும் எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கம் எடுத்தவுடன் வரி கட்ட வேண்டும் என்று இல்லை. 2025 ஏப்ரலில் தொடங்கிய வரியாண்டிலிருந்து தனிநபருக்கு வருடம் 18 இலட்சம் ரூபா வருமானம் வரை விலக்கு இருக்கிறது. அதுவும் விற்பனைத் தொகை அல்ல, செலவு போன மிச்சம்.

பார்சலைப் பற்றி ஒரு சொல். பொலித்தீன் லஞ்ச் சீற் 2017இலேயே தடை செய்யப்பட்டது. வாழையிலையோ கடதாசிப் பெட்டியோ பாருங்கள். சோற்றை விடிய 6 மணிக்குக் கட்டி மதியம் கொடுக்கும் வேலை வேண்டவே வேண்டாம். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டில் கிடக்கிற சோற்றில் கிருமி வேகமாகப் பெருகும், எங்கள் ஊர் வெக்கைக்குக் கேட்கவே வேண்டாம். 10 மணிக்குப் பிறகு இறக்கி, சூட்டோடு கட்டி, 12 மணிக்குள் கையில் கொடுங்கள். ஒரு தடவை ஒருவருக்கு வயிறு குழம்பினால் அந்த அலுவலகமே கைவிட்டுப் போகும். அதைவிட, ஒரு மனிதரின் உடம்பு அது.

பிற்காலத்தில் கடற்கரைக் கடையை எடுப்பதானாலும் இரண்டு விஷயத்தை விசாரியாமல் காசு கொடுக்காதீர்கள். கடலோரத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் கட்டவோ விரிக்கவோ கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். அந்தக் கடைக்கு அது இருக்கிறதா? காணி சொந்த உறுதி உள்ள காணியா, அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியா? அதோடு, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னால் எழுதப்படாவிட்டால் சட்டத்தில் நிற்காது. வெறும் கடதாசியில் கையெழுத்து வாங்கிக்கொண்டு 4 இலட்சம் கொடுப்பது, திரும்பி வராது என்று தெரிந்து கொடுப்பதுபோல.

கடன். மாதம் 2 வீதம் என்றால் வருடம் 24 வீதம் என்று கேட்கும்போது தாங்கலாம் போலத் தெரியும். அவர்கள் வட்டியை முழு 2 இலட்சத்துக்கும் 24 மாதமும் போடுகிறார்களா, கட்டிய பிறகு மிஞ்சும் தொகைக்கு மட்டும் போடுகிறார்களா என்று கேளுங்கள். முழுத் தொகைக்கும் என்றால் மாதம் 4,000 வீதம் வட்டி 96,000, தவணை 12,333 ரூபா. முதலின் பாதியை நீங்கள் அடைத்த பிறகும் முழு முதலுக்கும் வட்டி கட்டுகிறீர்கள். உண்மையான வருட வட்டி 40 வீதத்தைத் தாண்டிவிடுகிறது. நுண்கடனால் எங்கள் கிராமத்துப் பெண்கள் பட்ட பாட்டைச் சொல்லத் தேவையில்லை. 2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் ஒரு பகுதிக் கடனை அரசாங்கமே ஏற்றுத் தீர்க்க வேண்டி வந்தது. இந்தக் கடன் உங்களுக்குத் தேவையே இல்லை. ஆறு மாதம் வங்கிக் கணக்கில் விற்பனைக் காசைப் போட்டு எடுத்தால், இலங்கை வங்கியிலோ மக்கள் வங்கியிலோ பிராந்திய அபிவிருத்தி வங்கியிலோ போய் நிமிர்ந்து கேட்கலாம். பிரதேச செயலகத்துக்குப் போகிற அன்றைக்கே சிறுதொழில் அபிவிருத்திக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் கண்டு பேசுங்கள். பயிற்சியோ சலுகைக் கடனோ வந்தால் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

10 இலட்சத்தை இப்படிப் பிரியுங்கள். 4 இலட்சத்தை வீட்டுச் செலவுக்கென்று வேறு கணக்கில் போட்டு, தொழிலுக்காகத் தொடாதீர்கள். 2 இலட்சம் அடுப்பு, பாத்திரம், குசினித் திருத்தம். 1 இலட்சம் சாமான் வாங்க, வாரக் கணக்கு நடந்தால் அது போதும். மிச்சம் 3 இலட்சம் நிலையான வைப்பில் கிடக்கட்டும்.

முடியுமென்றால் மழைக் காலத்திலேயே தொடங்குங்கள். அந்த மாதங்களில் நாளுக்கு 37 விற்றால் தொழில் நிற்கும் என்று அர்த்தம். பிறகு மே மாதம் வரும்போது உப்புவெளியில் குசினி இல்லாத சின்ன விடுதிகளுக்குப் போய், காலையில் இடியப்பம், சொதி, சம்பல் கொடுக்கப் பேசுங்கள். ஆட்களை அவர்கள் பிடிப்பார்கள், நீங்கள் சமைத்தால் போதும். அதற்குப் பிறகும் கடை வேண்டும் என்று தோன்றினால் அந்த உரிமையாளரிடம் மே முதல் செப்டம்பர் வரை 5 மாதத்துக்கு மட்டும் கேளுங்கள். மாத வாடகையை 45,000 ஆக்கினாலும் மொத்தம் 225,000, இப்போது கேட்கிற முற்பணத்தில் பாதியைவிடச் சற்றுக் கூட. அதையும் மாதத்துக்கு மாதம் கட்டுவதாக எழுதிக்கொள்ளுங்கள்.