காமிக்ஸ் கேள்வி–பதில்: எக்ஸ்-மென்னை எந்த இதழிலிருந்து படிப்பது?

கேள்வி: பழைய எக்ஸ்-மென் இதழ்கள் சில மலிவாகக் கிடைத்தன. எண் 70, 80 என்று இருக்கிறது. உள்ளே இருப்பதோ முன்பே படித்த கதைகள். அச்சகத்தில் நடந்த குளறுபடியா? (மதுரை வாசகர்)

பதில்: குளறுபடி இல்லை. 1963-ல் அமெரிக்காவின் மார்வெல் நிறுவனத்துக்காக ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கிய சூப்பர்ஹீரோ அணித் தொடர் இது. 1970 மார்ச் தேதியிட்ட 66-ஆம் இதழோடு புதுக்கதைகள் நின்றன. சில மாத இடைவெளிக்குப் பிறகு வந்த 67 முதல் 93 வரை அத்தனையும் மறுபதிப்பு. இத்தனைக்கும் நிற்பதற்குச் சற்று முன்புதான் நீல் ஆடம்ஸ் தன் ஆகச் சிறந்த பக்கங்களை அதில் வரைந்துகொண்டிருந்தார். கடைகளில் விற்காத பிரதிகள் திரும்பி வந்து கணக்கு முடிய மாதக்கணக்கில் ஆன காலம் அது. நல்ல ஓவியர் வந்த பலன் தெரிவதற்குள் மூடுவிழா நடந்துவிட்டது. படிப்பதற்காக மட்டும் வாங்குகிறீர்கள் என்றால் 67–93-ஐத் தாராளமாக விட்டுவிடலாம்.

கேள்வி: வுல்வரின், ஸ்டார்ம் அடங்கிய புதிய அணியை உருவாக்கியவர் எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்ட்தானே? (கோவை வாசகர்)

பதில்: பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். 1975-ல் வந்த ‘ஜயன்ட்-சைஸ் எக்ஸ்-மென்’ முதல் இதழை எழுதியவர் லென் வீன், வரைந்தவர் டேவ் காக்ரம். ஸ்டார்ம், நைட்க்ராலர், கொலாசஸ், தண்டர்பேர்டு நால்வரும் அதில்தான் அறிமுகம். நைட்க்ராலரை அதற்கு முன்பே காக்ரம் வரைந்து வைத்திருந்தார். போட்டி நிறுவனமான டிசி வேண்டாமென்ற பாத்திரம் அது! அதே அணியில் சேர்ந்த பான்ஷீயும் சன்ஃபயரும் பழைய எக்ஸ்-மென் இதழ்களில் வந்தவர்கள். வுல்வரின் 1974-ல் மார்வெலின் ‘ஹல்க்’ தொடரில் ஹல்க்கோடு மோதியவர்.

அடுத்த கதையும் தடித்த இதழாகவே வரவேண்டியது. அதை இரண்டாக வெட்டி, மறுபதிப்பில் முடங்கிக் கிடந்த தொடரின் 94, 95-ஆம் இதழ்களாக்கினார்கள். வீனுக்குத் தலைமையாசிரியர் வேலையே தலைக்கு மேல் இருந்ததால், அவர் போட்ட கதைச்சுருக்கத்துக்கு வசனம் எழுத வந்தவர்தான் கிளேர்மான்ட். வந்தவர் 1991 வரை நகரவில்லை. 95-லேயே தண்டர்பேர்டைக் கொன்றுவிட்டார்கள். முரட்டுக் கோபக்காரர் வேலைக்கு வுல்வரின் ஒருவரே போதும் என்பதால் இன்னொருவருக்கு இடமில்லை. என் கணிப்பில், இந்தப் புதுப்பிப்பு நிலைத்ததற்கு அந்தத் தயக்கமின்மை ஒரு முக்கியக் காரணம். பழைய அணியில் சைக்ளாப்ஸையும் பேராசிரியர் எக்ஸையும் மட்டும் நிலையாக வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே அனுப்பியதும் அதே துணிச்சல்தான். (வெளியே போன ஜீன் கிரே சீக்கிரமே திரும்பி வந்து 101-ல் ஃபீனிக்ஸ் என்ற புது அவதாரம் எடுத்தது வேறு கதை.)

உடனே ஓகோவென்று ஓடியதாக எண்ண வேண்டாம். 1978-ல் 112-ஆம் இதழ் வரும்வரை இரண்டு மாதத்துக்கு ஒன்றுதான். 108-ல் ஓவியர் ஜான் பைர்னும் அவருக்கு மை தீட்டிய டெர்ரி ஆஸ்டினும் சேர்ந்த பிறகே தொடர் சூடு பிடித்தது. பைர்ன் பென்சிலில் கோடு போடுவார். அதன்மேல் ஆஸ்டின் ஊசிமுனைத் துல்லியத்தில் பின்னணி இயந்திரங்களையும் கட்டடங்களையும் இழைப்பார். 107-ஐயும் 108-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், புரியும்.

கேள்வி: எந்த வரிசையில் படிப்பது? (திருச்சி வாசகர்)

பதில்: ஜயன்ட்-சைஸ் 1, அடுத்து 94 முதல் 143 வரை. 1963 கதைகள் தெரியாமலே பின்தொடரலாம். பொறுமை இல்லாதவர்கள் 129-ல் நுழையலாம். 138 வரை டார்க் ஃபீனிக்ஸ் கதை. 141, 142 இரண்டும் ‘டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’. 143-ஓடு பைர்ன் விலகினார். தொகுப்பு வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: ‘எசென்ஷியல்’ வரிசை மலிவு, ஆனால் கறுப்பு-வெள்ளை. 1986-ல் தொடங்கிய ‘கிளாசிக் எக்ஸ்-மென்’ மறுபதிப்பில் பிற்பாடு வரைந்த பக்கங்களை நடுவில் செருகியிருக்கிறார்கள். முதல் வாசிப்புக்கு அது வேண்டாம்.

கேள்வி: ஜயன்ட்-சைஸ் முதல் இதழ் அசல் என்று ஒருவர் விற்கிறார். எப்படிச் சரிபார்ப்பது? (சென்னை வாசகர்)

பதில்: முதலில் அட்டையைப் பாருங்கள். 1975 பிரதியில் பார்கோடு இருக்காது. மார்வெல் அட்டைகளில் அது வந்தது 1976-ல். அடுத்து விலை: அசலில் 50 சென்ட். ஆனால் பழைய தோற்றத்திலேயே அச்சிடும் மறுபதிப்புகள் அட்டையை அப்படியே நகலெடுப்பதால் விலையை மட்டும் நம்பக்கூடாது. உள்ளே பொடி எழுத்தில் உள்ள பதிப்பு விவரத்தில் ஆண்டைப் பாருங்கள். தாளையும் பாருங்கள்: அசல் செய்தித்தாள் ரகம், ஓரம் பழுப்பேறியிருக்கும். பளிச்சென்ற வெள்ளைத் தாள் என்றால் சந்தேகப்படலாம். வுல்வரின் வரும் ‘ஹல்க்’ தொடரின் 181-ஆம் இதழை வாங்கினால் வாசகர் கடிதப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். அங்கே அச்சிட்டிருந்த மார்வெல் முத்திரையை அந்தக் காலத்துப் பிள்ளைகள் கத்தரித்துச் சேகரித்தார்கள். அது போயிருந்தால் பிரதியின் மதிப்பு வெகுவாக விழும்.

கேள்வி: 2019-ல் வந்த புதுப்பிப்பு குழப்புகிறதே? (சேலம் வாசகர்)

பதில்: ஜோனதன் ஹிக்மன் எழுதிய ‘ஹவுஸ் ஆஃப் எக்ஸ்’, ‘பவர்ஸ் ஆஃப் எக்ஸ்’ இரண்டும் தலா ஆறு இதழ்கள். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொட்டால் குழம்பத்தான் செய்யும். ஹவுஸ் 1, பவர்ஸ் 1, ஹவுஸ் 2, பவர்ஸ் 2, பவர்ஸ் 3, ஹவுஸ் 3, ஹவுஸ் 4, பவர்ஸ் 4, அதன்பின் ஹவுஸ், பவர்ஸ் என்று மாறிமாறி. 1975 இதழில் எதிரியாக வந்த உயிருள்ள தீவு கிரகோவாதான் இதில் அவர்களின் நாடு. அந்த இதழைப் படித்துவிட்டு வந்தால் சுவை கூடும்.