பொட்டலத்தில் பெயர் இல்லாத விதை

இந்த வாரம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை முல்லீன் பற்றியவை. கம்பளி போர்த்தியது போன்ற மெத்தென்ற இலை, இரண்டாம் ஆண்டில் ஆள் உயரத்தைத் தாண்டி எழும் மஞ்சள் பூங்கதிர். படத்தைப் பார்த்து ஏற்காட்டிலும் சேலத்திலும் பலர் இணையத்தில் விதை வாங்கியிருக்கிறார்கள்.

விதைத்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. தரையோடு தரையாக இலை மட்டும் வட்டமாக விரிந்திருக்கிறது, பூவைக் காணோம். ஏமாந்துவிட்டேனா?
— வாசகி, நாகலூர், ஏற்காடு

இன்னும் அப்படிச் சொல்ல முடியாது அம்மா. முல்லீன் ஈராண்டுச் செடி. முதல் ஆண்டு இலை வட்டம் மட்டும்தான். குளிர்காலம் ஒன்றைக் கடந்த பிறகே கதிர் விடும். இதை விற்றவர் உங்களிடம் முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

இலையைத் தடவிப் பாருங்கள். இரு பக்கமும் அடர்ந்த ரோமம் இருந்தால் முல்லீனாக இருக்கலாம். இலை சிறிதாக, வெள்ளி நிறத்தில், தண்டு தரையில் ஊர்ந்து வேர்விட்டுப் பரவினால் அது லாம்ப்ஸ் இயர் என்ற வேறொரு அழகுச்செடி. ரோமம் குறைந்து, இலை சுருக்கம் விழுந்து, ஓரம் சிறு பற்களாக இருந்தால் எச்சரிக்கை: அது டிஜிடாலிஸ் என்ற பூச்செடியாக இருக்கலாம். இதயத்தைத் தாக்கும் நஞ்சு அது. பூத்து அடையாளம் உறுதியாகும்வரை ஓர் இலையைக்கூடக் கிள்ளிக் கஷாயம் வைக்காதீர்கள்.

தொட்டியில் போட்ட முல்லீன் விதை முளைக்கவே இல்லை. கொல்லையில் சாக்கடை ஓரம் மட்டும் ஒரு மஞ்சள் பூச்செடி தானாக வந்திருக்கிறது. படம் அனுப்பினால், ‘அதுதான் முல்லீன், பணம் தர முடியாது’ என்கிறார் விற்றவர்.
— வாசகர், சூரமங்கலம்

உங்கள் படத்தில் இலை பச்சையாக இருக்கிறது, கம்பளி ரோமம் இல்லை. பூவைக் கிள்ளி மகரந்தக் கேசரங்களை எண்ணுங்கள். முல்லீனுக்கு ஐந்து. நான்கு இருந்தால் அது வெர்பாஸ்கம் சைனென்சி, நம் ஊர்ச் செடி. பழைய தாவர நூல்களில் அதன் பெயர் செல்சியா கோரமண்டலியானா. சோழமண்டலக் கரையின் பெயரைத் தாங்கியது. முல்லீனுக்கு நெருங்கிய சொந்தம்தான். ஆனால் ஆற்றங்கரையிலும் தரிசிலும் யாரும் விதைக்காமலே வரும். அதைக் காட்டி உங்கள் பணத்தை வைத்துக்கொள்வது அநியாயம்.

‘மண்ணைப் போட்டு மூடினீர்களா?’ என்று அவர் அடுத்துக் கேட்பார். முல்லீன் விதை வெளிச்சம் பட்டால்தான் நன்றாக முளைக்கும் என்பது உண்மை. அதைப் பொட்டலத்தில் அச்சிட்டிருக்க வேண்டியவர் அவர்தான்.

என் நெடுநாள் மனக்குறையே இதுதான். சேலத்தில் ஒரு சேலை வாங்கினால் நூல் என்ன, நெசவு என்ன என்று பத்துக் கேள்வி கேட்கிறோம். விதையும் கன்றும் வாங்கும்போது படத்தை மட்டும் பார்க்கிறோம். ஏற்காட்டுச் சாலையில் ஒரு நாற்றுக்கடையில் பட்டர் ஃப்ரூட் ஒட்டுக்கன்று என்று எனக்கு விற்றது வெறும் விதைக்கன்று. தண்டில் ஒட்டுப் போட்ட தழும்பே இல்லை. ரசீதும் தரவில்லை, கேட்டபோது கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கன்று வளர்ந்து மரமாகிவிட்டது, காய் இன்னும் இல்லை. தாவரப் பெயர், விதை எடுத்த ஆண்டு, எப்படி விதைப்பது, விற்பவர் முகவரி: இந்த நான்கும் எழுதாத பொட்டலத்தை விற்கவே கூடாது என்பேன்.

நீங்கள் செய்ய வேண்டியது: இணையக் கடைகள் குறைதீர் அலுவலரின் பெயரை வெளியிட வேண்டும் என்பது 2020ஆம் ஆண்டு மின்வணிக விதி. அவருக்கு எழுதுங்கள். 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்தில் தீர்வு வர வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915ஐ அழையுங்கள். அதிலும் நடக்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, குறை எழுந்த 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

முல்லீன் விதை பத்துப் பொட்டலம் எடுத்தால் ஐந்து இலவசமாம். எடுக்கட்டுமா?
— வாசகர், ஃபேர்லேண்ட்ஸ்

வேண்டாம். ஒரே செடி ஒரு லட்சம் விதைக்கு மேல் உதிர்க்கும்.

கொலராடோவில் மகள் வீட்டுத் தோட்டம் முழுக்க முல்லீன். அவள் வைத்தது ஒரு செடிதானாம். இப்போது அங்கே வந்திருக்கிறேன். களைக்கொல்லி வாங்கலாமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், அஸ்தம்பட்டி

காசை வீணாக்காதீர்கள் ஐயா. அந்த ரோமம் மருந்தை இலையில் எளிதில் ஒட்டவிடாது. கொலராடோ மாநிலமே முல்லீனைத் தீங்கான களைப் பட்டியலில் வைத்திருக்கிறது, விற்றவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

முதலாண்டுச் செடியை மழை பெய்த மறுநாள் ஆணிவேரோடு பிடுங்குங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ரோமம் அரிக்கும். கதிர் விட்டதை நுனியில் மட்டும் வெட்டினால் பக்கக் கதிர்கள் கிளம்பும்; மண்ணுக்குக் கீழே, வேர்க்கழுத்துக்கும் கீழாக மண்வெட்டியால் வெட்டுங்கள். காய் பிடித்திருந்தால் முதலில் கதிருக்குப் பையை மாட்டிக் கட்டிவிட்டு வெட்ட வேண்டும். எருக்குழியில் போடக் கூடாது. விதைக்குக் காற்றில் பறக்க இறகு கிடையாது, பெரும்பாலும் தாய்ச்செடியைச் சுற்றிச் சில மீட்டருக்குள்தான் விழும். அந்த வட்டத்தைக் கொத்திக் கிளறாமல் தழைகொண்டு கனமாக மூடுங்கள். வெறும் மண்ணும் வெளிச்சமும் இல்லாவிட்டால் அது தலையெடுக்காது.

ஒரே ஆண்டில் தீராது. 1879இல் தாவரவியலாளர் வில்லியம் பீல் அமெரிக்காவின் மிச்சிகனில் குப்பிகளில் புதைத்த விதைகளில், முல்லீனின் இனமான வெர்பாஸ்கம் பிளட்டாரியா 2021இல் தோண்டியபோதும் முளைத்தது. மகளிடம் சொல்லிவிட்டு ஊருக்கு வாருங்கள்: ஆண்டுதோறும் பூக்கும் முன் ஒருமுறை தோட்டத்தைச் சுற்றிவர வேண்டும்.

பில் இல்லை, பொட்டலத்தையும் எறிந்துவிட்டேன், கடைப் பெயரும் ஞாபகம் இல்லை. பணம் கிடைக்குமா?
— வாசகர், குகை

யூபிஐ பதிவு இருந்தால் தேடுங்கள். ரொக்கம் என்றால் கிடைக்காது. யாரிடம் வாங்கினோம் என்பதே தெரியாமல் யார்மேல் புகார் கொடுப்பது?

வெளிநாட்டிலிருந்து உறவினர் கவரில் விதை அனுப்பியிருக்கிறார். நட்டுவிடவா?
— வாசகி, வாழவந்தி

நடாதீர்கள், குப்பையிலும் வீசாதீர்கள். இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் விதை வரக் கூடாது. வேளாண் அலுவலகத்தில் ஒப்படையுங்கள். உங்கள் காப்பித் தோட்டத்து வேலியை அடைத்து நிற்கும் உண்ணிச்செடியும் அழகுக்காகக் கொண்டுவந்ததுதான்.

‘நுரையீரலைக் கழுவும்’ என்று விளம்பரம் பார்த்து, வீசிங் உள்ள என் மாமியாருக்கு முல்லீன் இலைத் தேநீர் 900 ரூபாய்க்கு வாங்கினேன். குடித்ததும் தொண்டை கமறுகிறது என்கிறார்.
— வாசகி, அம்மாபேட்டை

உடனே நிறுத்துங்கள். மாமியாரின் இன்ஹேலரை நிறுத்தச் சொல்லி யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் இன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். கமறலுக்குக் காரணம் இலையின் ரோமமாக இருக்கலாம். துணியில் வடிகட்டாமல் குடித்தால் தொண்டையை உறுத்தும். பொட்டலத்தில் அந்த ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். காஷ்மீரிலும் இமாச்சலிலும் தானாக வளரும் செடிக்கு 900 ரூபாய் வாங்கியவர் அதையாவது எழுதியிருக்க வேண்டும். உங்கள்மேல் தவறில்லை அம்மா, நோயாளி வீட்டின் கவலையை அவர்கள் காசாக்கியிருக்கிறார்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பில்லோடு சேர்த்து 1915இல் புகார் கொடுங்கள். தவறான விளம்பரத்துக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முதல் முறையே 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம்.