விழுந்தவர் ‘ஒன்றுமில்லை’ என்கிறார், பொறுத்துப் பார்க்கலாமா?

பரந்தன் பக்கமிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார்: முந்தநாள் பின்னேரம் கணவர் வயலால் வரும்போது மாடு குறுக்கே வந்து, கிறவல் ரோட்டில் மோட்டார் சைக்கிளோடு விழுந்துவிட்டார். மயங்கவில்லை, நெற்றியில் சின்ன உரசல்தான், தானே எழும்பி வீட்டுக்கு வந்து சோறும் சாப்பிட்டார். நேற்றிலிருந்து தலையிடி. இன்று காலை இரண்டு தரம் சத்தி. “தண்ணி மோட்டரை நிப்பாட்டியாச்சோ” என்று பதில் சொன்ன பிறகும் திரும்பத் திரும்பக் கேட்கிறார். வாய்வுதான் என்று சொல்லி இஞ்சி போட்ட பிளேன்ரீ கேட்கிறாராம்.

பிளேன்ரீயை விடுங்கள், இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மோட்டார் சைக்கிளில் பின்னால் இருத்தி அல்ல. 1990 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

மயங்கவில்லை என்றால் மூளைக்கு ஒன்றுமில்லை என்று நம் ஆட்கள் நினைப்பதுதான் பெரிய பிழை. மண்டையோட்டுக்குள் இரத்தம் கசிந்தால் அது வெளியேற வழியில்லை, உள்ளேயே தேங்கி மூளையை நெரிக்கும். அதற்குச் சில மணித்தியாலமும் ஆகலாம், சில நாளும் ஆகலாம், வயதானவர்களுக்கு, அதுவும் இரத்தம் உறையாமலிருக்கக் குளிசை எடுப்பவர்களுக்கு, சில கிழமைகூட ஆகலாம். வெளிக்காயத்தின் அளவை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

ஒருவருக்கு எவ்வளவு சுயநினைவு இருக்கிறது என்று அறிய, வைத்தியர்கள் 1974இல் வந்த கிளாஸ்கோ அளவுகோலைப் பார்ப்பார்கள், கண் திறப்பது, பேச்சு, அசைவு மூன்றுக்கும் சேர்த்து 3 முதல் 15 புள்ளி. பேச்சு குழம்பினாலே ஒன்று குறையும். ஆனால் ஐந்து நிமிடம் பார்க்கும் வைத்தியரிடம் உங்கள் கணவர் ஒழுங்காகப் பதில் சொல்லிவிடலாம், அந்த மோட்டர் கதை உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அதை அப்படியே சொல்லுங்கள்.

வலிப்பு, ஒரு பக்கக் கை கால் சோர்வு, நாக் குழறல், கண்மணி ஒன்று பெரிது ஒன்று சிறிது, மூக்காலோ காதாலோ தண்ணீர் போல வடிவது, தட்டி எழுப்பியும் எழும்பாத நித்திரை, இதில் எது வந்தாலும் ஒரு நிமிடமும் பிந்தக் கூடாது. குழந்தை என்றால் பால் குடிக்காமல் விடாமல் அழுவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குடித்திருந்தவர் விழுந்தால் “வெறியில் படுக்கிறார்” என்று விட்டுவிடுகிறோம், அப்படி விட்டுத்தான் சிலரை இழந்திருக்கிறோம். தலையிடிக்கு அஸ்பிரின் வேண்டாம், இரத்தக் கசிவைக் கூட்டும்.

ஸ்கானில் ஒன்றுமில்லை என்று வந்தாலும் தலைச்சுற்று, எரிச்சல், மறதி, வெளிச்சம் கூசுவது சில கிழமை இருக்கலாம். அது நடிப்பில்லை. கொஞ்ச நாள் வயலுக்கு விடாதீர்கள், மோட்டார் சைக்கிள் திறப்பை நீங்களே வைத்திருங்கள்.

இன்னொன்று, நம் பக்கத்துக்கென்றே சொல்ல வேண்டியது. 2009இல் பட்ட ஷெல் துண்டு அவர் உடம்பில் எங்காவது இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள். சீ.ரி. ஸ்கானுக்குப் பயமில்லை, ஆனால் எம்.ஆர்.ஐ.யின் காந்தம் இரும்புத் துண்டை அசைத்துவிடும்.