டியூப் புதுசு, முள் பழசு

கேள்வி: மலேசியாவில், சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் குடியிருக்கிறேன். ஈப்போவில் வேலை முடிந்து இரவு 11 மணிக்கு மேல் வரும்போது, தோட்டத்துச் செம்மண் சாலையில் என் ஹோண்டா இஎக்ஸ்5 மோட்டார் சைக்கிளின் பின் டயர் பஞ்சர். தெரிந்தவர் கொடுத்த நம்பருக்குப் போன் போட்டேன். ஒருவர் வந்து டார்ச் வெளிச்சத்தில் புது டியூப் மாற்றி, 45 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாளே காற்று இறங்கிவிட்டது. மட்டமான டியூப்பை என் தலையில் கட்டிவிட்டார் என்று நினைக்கிறேன். ரசீது கிடையாது. பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். ஆனால் டியூப்பைத் திட்டுவதற்கு முன்னால் டயரின் உள்பக்கத்தைப் பாருங்கள்.

செம்பனை மட்டை முள் ஆணி மாதிரி இல்லை. ஆணி குத்தினால் தலை வெளியே நிற்கும், பிடுங்கிப் போடலாம். முள் குத்தினால் வெளியே இருப்பது ஒடிந்து விழுந்துவிடும், முனை மட்டும் ரப்பருக்குள் மாட்டிக்கொள்ளும். மேலே தடவிப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. புது டியூப் போட்டுக் காற்றடித்து, மேலே ஆளும் உட்கார்ந்து குண்டும் குழியுமான சாலையில் ஓட்ட ஓட்ட, அந்த முனை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே எட்டிப் பார்க்கும். மூன்று நாள் தாங்கியது என்று நீங்கள் சொன்னதுமே எனக்கு இந்தச் சந்தேகம்தான் வந்தது.

இதைக் கண்டுபிடிக்க டியூப்பை உருவும் முன்பே வால்வுக்கு நேராக டயரில் சாக்பீஸால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். டியூப்பில் காற்றடித்துத் தண்ணீரில் முக்கினால் ஓட்டை தெரியும். அது வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளி இருக்கிறதோ, டயரிலும் கோட்டிலிருந்து அத்தனை சாண் தள்ளிப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் என்று குழப்பமாக இருந்தால் இரண்டு பக்கமும் பார்த்துவிடுங்கள். பழைய துணியால் டயரின் உள்ளே துடைத்துக்கொண்டே வந்தால், நூல் சிக்கும் இடத்தில் முள் இருக்கும். விரலால் தடவ வேண்டாம். நான் தடவிப் பட்ட பாடு போதும், ஒரு வாரம் அந்த விரலால் சோறு பிசைய முடியவில்லை.

ஓட்டை இருக்கும் இடமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். டியூப்பின் வெளிவட்டத்தில் ஊசி முனை அளவு ஓட்டை என்றால் முள். ரிம் பக்கம் பாம்பு கடித்த மாதிரி ஜோடியாக இரண்டு கீறல் இருந்தால், டயர் நெம்பும் கம்பி டியூப்பைக் கடித்திருக்கும், அல்லது காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியிருப்பீர்கள். குத்திய ஓட்டையே இல்லாமல் டியூப்பின் ரப்பரை இணைத்த மூட்டு பிரிந்திருந்தால், அப்போது டியூப் மட்டம் என்று சொல்லலாம்.

முள்ளைத் தேடாமல் புது டியூப்பை மாட்டியது வேலைக் குறைதான். 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் (நுகர்வோர்) பாதுகாப்புச் சட்டத்தின்படி, காசு வாங்கிச் செய்யும் சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும். மரத்தடியில் தொழில் செய்தாலும் தொழில் தொழில்தான். ரசீது இல்லாவிட்டால் போன் அழைப்புப் பதிவு, வாட்ஸ்அப், பணத்தைப் போனில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவு, இவையும் சாட்சிதான்.

சரி, 45 வெள்ளிக்கு நான் பயனீட்டாளர் தீர்ப்பாயம் போவேனா? போகமாட்டேன். ஒரு நாள் சம்பளம் போய்விடும். முள்ளையும் டியூப்பையும் எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போவேன். "அண்ணே, இது உள்ளேயே இருந்துச்சு" என்று காட்டி, காசு வாங்காமல் ஒட்டுப் போடச் சொல்வேன். அந்த நேரத்தில் தோட்டத்துக்குள் வர ஆள் கிடைப்பது லேசில்லை, அவர் நம்பர் இன்னொரு நாளும் வேண்டியிருக்கும்.

கேள்வி: என்னுடையது கம்பி ரிம் போட்ட பழைய மோடெனாஸ் கிரிஸ். டயரைக் கழற்றாமலே பஞ்சர் அடைக்கும் ‘புழு’ செட் ஒன்றை ஆன்லைனில் பார்த்தேன். வாங்கி வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த ரப்பர் புழு டியூப் இல்லாத டயருக்கு. உங்கள் ரிம்முக்குள் டியூப் இருக்கிறது, புழுவைச் செருகினால் டியூப்பில் ஓட்டை பெரிதாகுமே தவிர அடைபடாது. அந்தக் காசுக்கு உங்கள் டயர் அளவுக்கு ஒரு டியூப், டயர் நெம்பும் கம்பி இரண்டு, சின்னக் கைப்பம்பு, சங்கிலியின் இணைப்பைப் பூட்டும் கிளிப் ஒன்று, பிளையர் வாங்கிக்கொள்ளுங்கள். ஒட்டுப் பசை மூடி திறந்ததும் வெயிலில் காய்ந்துபோகும், அதை நம்ப வேண்டாம். சங்கிலிக் கிளிப்பை மாட்டும்போது அதன் மூடிய பக்கம் சங்கிலி ஓடும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். மாற்றி மாட்டினால் எதிலாவது உரசிக் கழன்றுவிடும்.

கேள்வி: மகனுக்காகப் பட்டணத்தில் ஒரு பழைய மோட்டார் கடையில் 2,300 வெள்ளிக்கு ஒரு காப்சாய் (சின்ன மோட்டார் சைக்கிள்) வாங்கினேன். ஒரு மாதம் ஆகிறது. போன வாரம் மழையில் ஓட்டிவிட்டு வந்த மறுநாள் வீடெல்லாம் பெட்ரோல் வாடை. போமன் (மெக்கானிக்) சீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, டாங்கியின் அடியில் விரிசல், அதைக் குளிக்கிற சோப்பால் அடைத்திருக்கிறார்கள், பியூஸில் சிகரெட் ஈயத்தாள் சுற்றியிருக்கிறது என்கிறார். கடைக்காரரோ "ரசீதிலேயே ‘கேரண்டி இல்லை’ என்று எழுதியிருக்கிறதே அம்மா" என்கிறார்.

பதில்: முதலில் மகனிடமிருந்து சாவியை வாங்கி வையுங்கள்.

சோப்பு பெட்ரோலில் கரையாது. அதனால் வழியில் டாங்கி ஒழுகினால் சோப்பை அழுத்தித் தேய்த்து வீடு வரை வருவது பழைய வித்தை, நானும் செய்திருக்கிறேன். ஆனால் தண்ணீரில் கரையும். பின் சக்கரம் வாரி அடித்த மழைத்தண்ணீரில்தான் உங்கள் சோப்பு போயிருக்கிறது. ஈயத்தாள் இன்னும் மோசம். எங்காவது வயர் உரசி ஷார்ட் ஆனால் முதலில் உருக வேண்டியது பியூஸ். தாள் சுற்றிவிட்டால் அது உருகாது, வயர்தான் சூடேறி எரியும். காப்சாயில் பெட்ரோல் டாங்கி இருப்பதோ சீட்டுக்கு அடியில். ஒழுகும் டாங்கியும் பியூஸ் இல்லாத வயரும் பக்கத்தில் பக்கத்தில்.

‘கேரண்டி இல்லை’ என்று எழுதிவிட்டால் கடைக்காரர் தப்பிவிட முடியாது. பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தத்தில் எழுதி நீக்க முடியாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. பழைய மோட்டாரில் விலைக்கும் வயதுக்கும் ஏற்ற தேய்மானம் இருக்கும், அதற்குச் சண்டை போட முடியாது. ஒழுகும் டாங்கியைச் சோப்பால் மறைத்தது தேய்மானமில்லை.

எதையும் கழற்றும் முன் படம் எடுங்கள். போமன் பார்த்ததை அவர் கடை பில்லிலேயே எழுதி வாங்குங்கள். அப்புறம் விற்றவருக்கு வாட்ஸ்அப்பில், இத்தனை நாளுக்குள் சரிசெய்து தாருங்கள் என்று எழுதுங்கள். மசியவில்லை என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ‘பாரம் 1’ என்ற படிவத்தை நிரப்பிக் கொடுக்கலாம், கட்டணம் 5 வெள்ளி. 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று ஆண்டுக்குள் கேட்க வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை, நீங்களே பேசலாம். இதே மோட்டாரைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் வாங்கியிருந்தால் இந்த வழி கிடையாது, விற்பதையே தொழிலாகச் செய்பவரைத்தான் இந்தச் சட்டம் பிடிக்கும்.

அந்த ஈயத்தாளைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ரசீதோடு சேர்த்து ஸ்டேப்பிள் அடித்து வையுங்கள்.