5 வாட் ரேடியோவோட கான்டெஸ்ட் அன்னிக்கு மலை ஏறலாமா?

கேள்வி: ஹாம் (அமெச்சூர் ரேடியோ) லைசென்ஸ் எடுத்து ஒரு வருஷம் ஆகுது. 5 வாட் ரேடியோ, 6 ஆம்பியர்-அவர் பேட்டரி, மடக்குற ஃபைபர் கம்பம் ஒண்ணு இருக்கு. வர்ற கான்டெஸ்ட் (குறிச்ச நேரத்துல ரேடியோவுல அதிகம் பேரைத் தொடர்பு கொள்ற போட்டி) சனி ஞாயிறுல மலை உச்சிக்குப் போய் ஆபரேட் பண்ணணும்னு ஆசை. "அன்னிக்கு பூரா கிலோவாட் ஆளுங்க கத்திட்டு இருப்பாங்க, உன்னோடது எவனுக்கும் கேக்காது, வேற வாரம் போ"ன்னு நண்பர் சொல்றார். போகலாமா?

தாராளமா போங்க. பேண்ட் (ஹாம்களுக்கு ஒதுக்கின அலைவரிசை) நெரிசலா இருக்கும்னு உங்க நண்பர் சொல்றது சரிதான், ஆனா உங்களோடது கேக்காதுன்னு சொல்றது தப்பு. வழக்கமான 100 வாட் ரேடியோவுக்கும் உங்க 5 வாட்டுக்கும் வித்தியாசம் 13 டெசிபெல், மீட்டர்ல பார்த்தா ரெண்டு எஸ் பாயின்ட் (சிக்னல் பலத்தோட அளவு) சொச்சம், அவ்ளோதான். சாதாரண நாள்ல மெல்லிசா கேக்குற ஸ்டேஷனை கஷ்டப்பட்டு எடுக்க பலருக்குப் பொறுமை இருக்காது, கான்டெஸ்ட்ல ஒவ்வொரு புது கால்சைனும் (ஸ்டேஷனோட அடையாளக் குறியீடு) பாயின்ட் என்பதால பெரிய ஆன்டெனா வச்சிருக்கறவரே காதைத் தீட்டிக்கிட்டு உங்களைத் தேடுவார்.

ஒரே கண்டிஷன், நீங்க சிக்யூ (யாராவது பதில் கொடுங்கன்னு பொதுவா அழைக்கறது) கூப்பிடக்கூடாது. முதல் தடவை போனப்ப நான் அந்தத் தப்பைத்தான் பண்ணேன், 14 மெகாஹெர்ட்ஸ்ல ஒரு மணி நேரத்துக்கு மேல தொண்டை வறள கூப்பிட்டு ரெண்டே ரெண்டு பேர் கிடைச்சாங்க, நடுவுல ஃப்ரீக்வென்சி காலியா இருக்குன்னு நினைச்சு ஒருத்தர் பக்கத்துலயே வந்து உக்காந்துட்டார், அவரைக் குத்தம் சொல்லவும் முடியாது, என் சிக்னல் அவருக்குக் கேட்டிருந்தா தானே. அப்புறம் டயலைத் திருப்பி பலமா கேக்குற ஸ்டேஷனுக்கு மட்டும் பதில் கொடுக்க ஆரம்பிச்சதும் சாயங்காலத்துக்குள்ள 30 தாண்டிடுச்சு. பேண்டோட ஒரு முனையில ஆரம்பிச்சு மெதுவா நகருங்க, அவர் கால்சைனை உறுதி பண்ணிக்கங்க, அவர் கூப்பிட்டு முடிச்சதும் உங்க கால்சைனை ஒரே ஒரு தடவை, ஃபொனெடிக்ஸ்ல (ஆல்ஃபா, பிராவோன்னு எழுத்துக்கு ஒரு சொல்லா), முழுசா சொல்லுங்க. கூட்டம் மொய்க்குதுன்னா ஃப்ரீக்வென்சியைக் குறிச்சு வச்சுட்டு நகர்ந்துடுங்க. பேட்டரிக்கும் இது லாபம்: கேக்கும்போது 0.4 ஆம்பியர், டிரான்ஸ்மிட்ல 2 ஆம்பியர்னு வச்சுக்கிட்டா, அஞ்சுல ஒரு பங்கு நேரம் மட்டும் பேசினா உங்க 6 ஆம்பியர்-அவர் கிட்டத்தட்ட 8 மணி நேரம் தாங்கும், பாதி நேரம் பேசினா 5 மணி நேரம்தான்.

ஒரு நாள்தான் போக முடியும்னா ஞாயித்துக்கிழமை போங்க. சிக்யூ வேர்ல்ட் வைட் மாதிரி 48 மணி நேரப் போட்டியில சனிக்கிழமை ஒருத்தர் மேல ஒருத்தர் விழுவாங்க, ஞாயிறு பிற்பகுதியில பெரிய ஸ்டேஷன் எல்லாம் பலமானவங்களை ஏற்கனவே பிடிச்சு முடிச்சுட்டு வெறுமனே கூப்பிட்டுக்கிட்டே இருக்கும், அப்ப உங்க 5 வாட் அவங்களுக்கு விருந்து. நேரமெல்லாம் யூடிசி (உலகப் பொது நேரம்), மறந்துடாதீங்க. எக்ஸ்சேஞ்ச்ல (ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்க வேண்டிய தகவல்) என்ன சொல்லணும்னு மலை ஏறறதுக்கு முன்னாடியே படிச்சுட்டுப் போங்க, வேர்ல்ட் வைட்ல 59 (சிக்னல் ரிப்போர்ட்) கூட உங்க ஜோன் (உலகப் பகுதி) நம்பர், டபிள்யூபிஎக்ஸ்ங்கற இன்னொரு போட்டியில 59 கூட வரிசை நம்பர்.

சம்மிட்ஸ் ஆன் தி ஏர் பாயின்ட்டும் வேணும்னா (மலை உச்சியிலிருந்து பேசி பாயின்ட் சேர்க்கிற, 2002ல ஆரம்பிச்ச திட்டம்) உச்சியிலிருந்து செங்குத்தா 25 மீட்டருக்குள்ள இருக்கணும், பாயின்ட் கிடைக்க 4 காண்டாக்ட், காருக்குள்ள உக்காந்து பேசறதும் பெட்ரோல் ஜெனரேட்டரும் கிடையாது. இந்த நாலையும் முதல்ல 18 இல்லன்னா 24 மெகாஹெர்ட்ஸ்ல முடிச்சுக்கங்க, அங்க கான்டெஸ்ட் நடத்துறதில்லைங்கறது வழக்கம். நெரிசல் பிடிக்காத மத்த மலைக்காரங்களும் அங்கதான் ஒதுங்கியிருப்பாங்க.

உயரத்தால என்ன லாபம்னு பலருக்குக் குழப்பம். எச்எஃப்ல (3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரை) சிக்னல் அயனோஸ்பியர்ல (வானத்துல உள்ள மின்னூட்ட அடுக்கு) பட்டு திரும்புறதால உயரம் மட்டும் பெருசா உதவாது, சார்ஜர் எல்ஈடி பல்பு இரைச்சல் இல்லாததுதான் நிஜமான வரம், அதோட சரிவு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கொஞ்சம் சாதகம். 144 மெகாஹெர்ட்ஸ்னா கதையே வேற. மீட்டர்ல உயரத்துக்கு வர்க்கமூலம் எடுத்து 4.12ஆல பெருக்கினா ரேடியோ அடிவானம் கிலோமீட்டர்ல வரும், சுத்தியுள்ள சமவெளியை விட 900 மீட்டர் உசரம்னா ஏறக்குறைய 124 கிலோமீட்டர், எதிர்ப்பக்கமும் அதே மாதிரி மலைன்னா ரெட்டிப்பு. விஎச்எஃப் (144 மாதிரி உயர்ந்த அலைவரிசை) கான்டெஸ்ட்னா சின்ன யாகி ஆன்டெனாவைப் படுக்கைவாக்குல கட்டுங்க, எஸ்எஸ்பில (குரல் அனுப்புற ஒரு முறை) எல்லாரும் அப்படித்தான். உச்சியில டவர் இருந்தா ரிசீவர் திணறும், ப்ரீஆம்பை (சிக்னலைக் கூட்டறது) அணைச்சு அட்டெனுவேட்டர் (குறைக்கறது) போடுங்க, இல்லன்னா பாறைக்கு மறுபக்கம் போங்க.

எச்எஃப் ஆன்டெனாவுக்கு 20 மீட்டர் ஒயர், முனையில ஒயரை ரேடியோவோட பொருத்துற 49:1 டிரான்ஸ்ஃபார்மர், கம்பத்துல சாய்வா இழுத்துக் கட்டினா 7, 14, 21, 28 மெகாஹெர்ட்ஸ் நாலும் டியூனர் இல்லாமயே பெரும்பாலும் ஓடும்.

இடின்னா மட்டும் பேச்சே வேணாம். ரிசீவர்ல படபடன்னு இரைச்சல் கூடிச்சுன்னாலோ தூரத்துல உறுமல் கேட்டாலோ ஒயரைத் தொட்டு மடக்கிட்டு நிக்காதீங்க, அப்படியே விட்டுட்டு இறங்குங்க, ஒயர் போனா வேற வாங்கிக்கலாம்.

30 காண்டாக்ட்தானேன்னு லாக் (பேசினவங்க பட்டியல்) போட்டி நடத்தறவங்களுக்கு அனுப்பாம விட்டுடாதீங்க, உங்களைப் பிடிச்சவங்க லாக்கைச் சரிபார்க்க உங்களோடது உதவும். சில போட்டியில அனுப்ப 5 நாள்தான் டைம்.